வெட்சியும் சோபாவும்: கணவன் மனைவி சேர்ந்தாடும் டயாப்லோ குறித்து ஒரு தொல்காப்பிய நோக்கு

தொல்காப்பியத்தை வைத்து ஆராயப்படாத பொருள் இனி உலகில் எதுவும் மிச்சமில்லை என்பது கருத்தரங்கத் தொடக்கவுரைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. மேலாண்மை, சூழலியல், மனநலம், விண்வெளி என்று எல்லாமே அதிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டாயிற்று. எனினும், ஒரே சோபாவில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கன்ட்ரோலருடன் அமர்ந்து பேய்களை வெட்டிச் சாய்க்கும் இரவுகளைப் பொருளதிகாரத்தின் வழி நோக்கிய கட்டுரை எதுவும் இவ்வாய்வாளரின் கண்ணில் படவில்லை. இப்பெருங்குறையைப் போக்குவதும், புதிதாக ஆடத் தொடங்கும் தம்பதியருக்குச் சில நடைமுறை உதவிகள் செய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம். இரண்டாவது நோக்கம் ஆய்வேட்டு விதிகளுக்குப் புறம்பானது. ஆயினும் விலக்க மனம் வரவில்லை.

ஆய்வு எல்லை

ஆக்‌ஷன் ஆர்பிஜி எனப்படும் ஆட்டத்தில் செய்வது இவ்வளவே: நிலவறைக்குள் போவது, அங்குள்ளவற்றைக் கொல்வது, அவை சிந்தும் வாளையும் செருப்பையும் பொறுக்குவது, பொறுக்கியதை மாட்டிக்கொண்டு இன்னும் ஆழமான நிலவறைக்குள் போவது. இவ்வகையில் ஆட்டங்கள் பல இருப்பினும் அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட டயாப்லோ வரிசையே இங்கு முதனூலாகக் கொள்ளப்படுகிறது. ஏனைய, வேண்டுமிடத்து மேற்கோளாக வரும்.

அகப்பொருளில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது மரபு. எனவே இங்கு வருவோர் தலைவன், தலைவி மட்டுமே. தலைவி, கல்லூரி விடுதியிலேயே டயாப்லோ 2-ஐக் கரைத்துக் குடித்தவள். தலைவன், கார் பந்தய ஆட்டத்துக்கு அப்பால் எதையும் அறியான். அற்றேல், தேர்ச்சி தலைவனிடத்ததன்றோ எனின், அற்றன்று. சில வீடுகளில் அப்படி, சில வீடுகளில் இப்படி. தம் வீட்டு வழக்குக்கு ஏற்பப் பெயர்களை மாற்றிப் படித்துக்கொள்ளலாம், முடிபு மாறாது.

அம்முடிபு யாதெனின்: நிலவறையில் புதியவருக்கு நேரும் ஆபத்துகளில் தலையாயது அரக்கன் அல்லன், பக்கத்தில் அமர்ந்திருக்கும் தேர்ந்தவரே.

வரலாறு

1985-இல் அட்டாரி நிறுவனம் காண்ட்லெட் என்றோர் ஆட்டப்பெட்டியை வெளியிட்டது. வடிவமைத்தவர் எட் லாக். ஒரே பெட்டியைச் சுற்றி நால்வர் நின்று ஆடலாம். நேரம் போகப் போக ஒவ்வொருவருக்கும் உயிர் குறைந்துகொண்டே வரும், தரையில் கிடக்கும் உணவே கதி. ஆனால் அவசரத்தில் எய்த அம்பு பட்டால் அவ்வுணவு பாழாவதும் உண்டு. பாழானதை இயந்திரமே குரல் கொடுத்து ஊரறியச் சொல்லும். சேர்ந்தாடும் நிலவறை ஆட்டத்தின் ஆதிப் பூசல் சோற்றைப் பற்றியது என்பது இதனால் பெற்றாம். பின் வந்தவை எல்லாம் அதன் விரிவே.

முதல் டயாப்லோ 1997 புத்தாண்டை ஒட்டிக் கடைக்கு வந்தது. அதன் கர்த்தாக்களுள் ஒருவரான டேவிட் பிரெவிக், முதலில் அதை ஒருவர் அடித்த பின் மற்றவர் அடிக்கும் முறைவைப்பு ஆட்டமாகவே எண்ணியிருந்தார். இடையில் மாற்றி, எல்லாம் உடனுக்குடன் நிகழும் ஆட்டமாக்கினார்கள். இம்மாற்றம் தொழில்நுட்ப வரலாற்றில் புகழப்படுகிறது. இல்லற வரலாற்றில் அதன் விளைவை எவரும் எழுதவில்லை. முறைவைத்து ஆடினால் ஒரு யோசனை சொல்ல நேரம் உண்டு, அதைக் கேட்க நேரம் உண்டு, கேட்டதை மறுக்கவும் நேரம் உண்டு. உடனுக்குடன் நிகழும் ஆட்டத்தில் யோசனை கூச்சலாகத்தான் வெளிவரும்.

வெட்சி, அதன் அகம் குறிஞ்சி

தொல்காப்பியர் ஒவ்வொரு புறத்திணையையும் ஓர் அகத்திணைக்குப் புறமாக வைத்தார். பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வரும் வெட்சி, தலைவனும் தலைவியும் கூடும் குறிஞ்சிக்குப் புறம். மலையும் இரவும் களவும் இரண்டுக்கும் பொது. இவ்விதியின் முழுப்பொருள், இரவு பதினொரு மணிக்குக் குழந்தை உறங்கிய பின் டிவி ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு இருவர் நிலவறைக்குள் நுழையும்போதுதான் விளங்கும்.

வெட்சி என்றால் ஆநிரை வேண்டுமே என நுணுகி வினவுவார்க்கும் விடை உண்டு. டயாப்லோ 2-இல் இறுதி அரக்கனை வென்ற பின், வர்ட் என்னும் சிறுவனின் மரக்காலையும் ஊர் திரும்பும் மந்திர நூலையும் ஹொராட்ரிக் கியூபில் இட்டு மாற்றினால் ஒரு வாயில் திறக்கும். உள்ளே மேய்ச்சல் நிலம், நிறைய மாடுகள். ஒவ்வொன்றும் இரண்டு காலில் நின்று நீள்பிடிக் கோடரி ஏந்தி நம்மை நோக்கி வரும். ஆநிரையே கரந்தை சூடித் தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும் இந்நிகழ்ச்சிக்குத் தொல்காப்பியத்தில் துறை இல்லை. புறனடையில் அடக்கிக்கொள்க.

வெட்சித் துறைகள் 14-இல் கடைசி மூன்று நம் ஆய்வுக்கு உயிர்நாடி. கவர்ந்த நிரையைப் பங்கிடும் பாதீடு, பின் உண்டாட்டு, பின் கொடை. நூலாசிரியர் பாதீட்டை உண்டாட்டுக்கு முன் வைத்தது கவனிக்கத்தக்கது. பங்கு தீராமல் இலை போட்டால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

2000-இல் வந்த டயாப்லோ 2-இல் பாதீடே கிடையாது. அரக்கன் விழுந்ததும் தரையில் சிதறும் லூட் எல்லார் கண்ணுக்கும் தெரியும். யார் முதலில் கிளிக் செய்கிறாரோ அவருக்கே அது. ஸ்டோன் ஆஃப் ஜோர்டன் என்றொரு மோதிரம் உண்டு. ஆட்டக்காரர்களிடையே அது கிட்டத்தட்டப் பணமாகவே புழங்கியது. அது தரையில் விழும்போது இருவரின் சுட்டுவிரல்களும் செய்வதை மனம் தடுக்க முடியாது. 2021-இல் அதே ஆட்டத்தைப் புதுமெருகிட்டு வெளியிட்டபோதும் இவ்வழக்கத்தைத் தொடவில்லை. புதிதாகத் தொடங்கும் தம்பதியர் டயாப்லோ 2-ஐப் பிற்காலத்துக்கு ஒத்திவைப்பதே நலம். விடாப்பிடியாகத் தொடங்குவோர், அம்பு வகை உனக்கு, கதாயுத வகை எனக்கு, மோதிரம் மாற்றி மாற்றி என்று முதல் நாளே வாய்மொழி உடன்படிக்கை செய்துகொள்க.

நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் உருவாக்கிய பாத் ஆஃப் எக்ஸைல், பங்கீட்டு முறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைக் குழுவுக்கே விட்டது. யாரும் எதையும் எடுக்கலாம் என்பது ஒன்று. சிறிது நேரம் ஒருவருக்கே உரியதாக இருந்து பின் பொதுவாகிவிடும் என்பது இன்னொன்று. விழுந்த கணமே நிரந்தரமாக ஒருவருக்கு என்பது மூன்றாவது. தம்பதியருக்கு மூன்றாவதே உகந்தது. இரண்டாவது முறையில், தலைவன் பொருளின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அவனுடைய நேரம் தீர்ந்துவிடும். அதைத் தலைவி எடுத்தால் சட்டப்படி குற்றமில்லை. சட்டப்படி குற்றமில்லாதவற்றால் எழும் ஊடலே நெடிது நீள்வது.

2012-இல் வந்த டயாப்லோ 3 பாதீட்டை இயந்திரத்திடமே ஒப்படைத்தது. அவரவர் லூட் அவரவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். பூசல் இத்துடன் ஒழிந்தது என்றே எல்லாரும் எண்ணினர். ஆனால் அது ஒழியவில்லை, அடுத்த துறைக்கு நகர்ந்தது. ‘நீ எடுத்துக்கிட்ட’ என்பது ‘நீ குடுக்கல’ என்றாயிற்று. 2014-இல் ரீப்பர் ஆஃப் சோல்ஸ் விரிவாக்கத்தை ஒட்டி வந்த விதிப்படி, லெஜெண்டரி வகைப் பொருளை அது விழுந்தபோது உடன் ஆடியவருக்கு மட்டுமே கொடுக்கலாம், அதுவும் 2 மணி நேரத்துக்குள். கொடைக்குக் காலக்கெடு வைத்த உலகின் ஒரே வள்ளல் மரபு இதுவாக இருக்கக் கூடும். தனக்கு உதவாத ஒன்று மனைவிக்கு உயிர் போன்றது என்று தலைவனுக்குத் தெரியாது. தெரியாமல் அதைக் கொல்லனிடம் கொடுத்து உடைத்துத் தூளாக்கிவிடுவான். அச்செய்தி மூன்று நாள் கழித்துப் பேச்சுவாக்கில் வெளிப்படும்.

இதற்கு மருந்து எளிது. ஆரஞ்சு நிறத்தில் மின்னும் லெஜெண்டரி எது விழுந்தாலும் வாய்விட்டுச் சொல்லவும். உடைக்கும் முன் ஒருமுறை கேட்கவும். இருவரும் ஒரே கிளாஸ், அதாவது ஒரே பாத்திர வகை, ஆடினால் கொடுக்கல் வாங்கல் பெருகும், ஏனெனில் அவரவர் கிளாஸுக்குப் பொருந்தியதையே பெரும்பாலும் தரும்படி ஆட்டம் அமைந்திருக்கிறது. ஒப்பீடும் கூடவே பெருகும். எது வேண்டுமென்பது வீட்டைப் பொறுத்தது.

வஞ்சி, அதன் அகம் முல்லை

மண்ணாசையால் படை எடுத்துச் செல்வது வஞ்சி. அதன் அகமான முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். ஆட்டத்தில் இத்திணை ஊருக்குத் திரும்பும்போது நிகழும். பை நிறைந்துவிட்டது, இருவரும் ஊருக்கு வந்தாயிற்று. தலைவி வந்த வேகத்தில் விற்பதை விற்று, உடைப்பதை உடைத்து, வாயிலருகே போய் நின்றுவிடுவாள். தலைவன் இரண்டு ஜோடி பூட்ஸுக்கு இடையே நிற்பான். ஒன்றில் கவசம் அதிகம், ஒன்றில் ஓட்டம் அதிகம். ஜவுளிக்கடை வாசலில் பைகளோடு நிற்கும் கணவன்மார் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த பெருமூச்சுகள் யாவும் வட்டியுடன் இவ்விடத்தில் தீர்க்கப்படுகின்றன.

கன்சோலில் இது இன்னும் கூர்மையானது. 2013-இல் கன்சோலுக்கு வந்த டயாப்லோ 3-இல் ஒரே டிவியில் நால்வர் வரை ஆடலாம். ஆனால் ஒருவர் பையைத் திறந்தால் ஆட்டம் எல்லாருக்கும் நின்றுவிடும். போரின் நடுவே தலைவன் புதுத் தொப்பியை ஆராய்கிறான் என்றால், ஓங்கிய கோடரியோடு தலைவி சிலையாக நிற்கிறாள். இதை வடிவமைத்தோரும் உணர்ந்தே, பையைத் திறக்காமல் பொருளை உடனே மாட்டிக்கொள்ள ஒரு குறுக்குவழியும் வைத்தார்கள். புதியவர் முதலில் கற்க வேண்டியது வாள்வீச்சன்று, இக்குறுக்குவழியே.

ஆட்டம் நிற்பதால் ஒரு நன்மையும் உண்டு என்று சொல்லாமல் விடுவது நேர்மையன்று. குக்கர் விசிலுக்கும், அழும் குழந்தைக்கும், மாமியாரின் தொலைபேசி அழைப்புக்கும் அது வழிவிடும். 2023-இல் வந்த டயாப்லோ 4-இல் இந்த இடைநிறுத்தமே கிடையாது, இணையமும் எப்போதும் இருக்க வேண்டும். ஒரே திரையில் ஆடுவது அதில் கன்சோலில் மட்டும், இருவருக்கு மட்டும், அதுவும் இருவருக்கும் தனித்தனி பேட்டில்.நெட் கணக்கு இருந்தால். கணினிக்கு வாங்கிவிட்டு ஒரே திரையில் ஆடக் காத்திருப்போர் முல்லையிலேயே இருந்துவிட வேண்டியதுதான்.

உழிஞை, அதன் அகம் மருதம்

அரண் முற்றுகை உழிஞை. அதன் அகம் மருதம், மருதத்தின் உரிப்பொருள் ஊடல். ஊடலுக்கு முதற்காரணம் பரத்தையிற் பிரிவு என்பது பள்ளி மாணவரும் அறிந்தது. சேர்ந்தாட வேண்டிய பாத்திரத்தைத் தலைவன் அல்லது தலைவி, மற்றவர் உறங்கிய பின் தனியே எடுத்து ஆடி லெவல் ஏற்றுவதே நிலவறையில் பரத்தையிற் பிரிவு எனப்படும். தடயம் தப்பாது. நேற்று 23 என்றிருந்த லெவல் இன்று 31 என்று திரையில் நிற்கும். சங்கத் தலைவனுக்காவது மார்பில் பட்ட சந்தனத்தைத் துடைத்துக்கொள்ள வாய்ப்பு இருந்தது.

எனவே ஒன்று செய்க. சேர்ந்தாட ஒரு பாத்திரம், தனித்தாட வேறொரு பாத்திரம். முன்னதை இருவரும் அமராத நேரத்தில் எவரும் தொடலாகாது. இவ்விதிக்கு விலக்கு இல்லை. காய்ச்சலும் விலக்கன்று.

ஊடல் தீர்க்கப் பாணன், பாங்கன், தோழி முதலியோர் வாயில்களாகச் செல்வது மரபு. டயாப்லோ 3-இல் தனியாக ஆடுவோருக்குக் கூலித்துணை ஒருவர் உண்டு: டெம்ப்ளர், ஸ்கௌண்ட்ரல், என்சான்ட்ரஸ் என மூவரில் ஒருவர். இன்னொரு மனிதர் ஆட்டத்தில் சேர்ந்த கணமே இத்துணை விலகிப் போய்விடும். தம்பதியரிடையே மூன்றாமவர் நுழையலாகாது என்பதைத் தமிழ்ப் பெரியோருக்கு நிகராக உணர்ந்த நிறுவனம் இது.

பாடாண், அதன் அகம் கைக்கிளை

தலைவிக்கு லெவல் 70, தலைவனுக்கு 1. பரிவு மிக்க தலைவி அவனைக் கடினமான நிலவறைக்குக் கூட்டிப்போய் வாசலில் நிறுத்திவிட்டு, தானே எல்லாவற்றையும் கொல்கிறாள். பக்கத்தில் இருந்தாலே அனுபவப் புள்ளிகள் வந்து சேரும் என்பதால் அவன் லெவல் சரசரவென்று ஏறுகிறது. ஆட்டக்காரர் வழக்கில் இதற்குப் பவர்லெவலிங் என்று பெயர். தலைவனுக்குச் செய்ய வேறு வேலை இல்லாததால், ‘அடேயப்பா’, ‘செம அடி’ என்று புரவலரைப் பாடிக்கொண்டிருப்பான். பாடாணுக்கு அகம் கைக்கிளை என நூலாசிரியர் ஏன் வைத்தார் என்று குழம்பியோர் இக்காட்சியைக் காண்க. ஒருவர் மட்டும் ஆடும் காதல் அது.

துணை வந்தால் சுமை பாதியாகும் என்ற நம்பிக்கையும் இங்குச் செல்லாது. ஆள் கூடினால் அரக்கர்களின் உயிரும் கூடும். டயாப்லோ 2-இல் ஒவ்வொரு கூடுதல் ஆளுக்கும் 50 சதவீதம். பாடுவதற்கு மட்டும் வந்த துணை, ஆட்டத்தின் கணக்கில் பகைவர் பக்கம் அமர்ந்தவரே.

இதற்கு இவ்வாய்வாளர் கண்ட ஒரே தீர்வு, தேர்ந்தவர் தாம் ஆடியே அறியாத கிளாஸை எடுத்து முதல் லெவலிலிருந்து தொடங்குவது. டயாப்லோ 3-இல், வில்லும் பொறியும் கொண்டே வாழ்ந்த தலைவி மாங்க் ஆகட்டும், உடன் இருப்போரைக் காக்கும் மந்திரங்கள் அதில் உண்டு. தலைவன் பார்பேரியன் எடுக்கட்டும். நெருங்கி நின்று அடி வாங்குவோர் என்பதால் இவ்விரண்டுக்கும் வரும் அடியைக் கொஞ்சம் குறைத்தே கணக்கிடும் ஆட்டம். நாய்களையும் எலும்புக்கூடுகளையும் எழுப்பி ஏவும் விட்ச் டாக்டர், நெக்ரோமான்சர் இரண்டையும் ஒரே திரையில் ஆடும் புதியவர் இப்போதைக்குத் தொட வேண்டாம். அந்தக் கூட்டத்தில் தலைவன் தன்னைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போர் முடிந்துவிடும்.

அறிவுரை

இப்பகுதிக்குத் திணை இல்லை, எல்லாத் திணைக்கும் பொது.

டயாப்லோ 2-இல் ஸ்கில் புள்ளியை ஓரிடத்தில் இட்டால் இட்டதுதான். 2010-இல் வந்த 1.13 பேட்ச் வரை அதைத் திரும்பப் பெற முறையான வழியில்லை. வெகுநாள் வளர்த்த பாத்திரம் பாழாகிவிடும். ஆகவே அக்காலத்தில் தேர்ந்தவர் குறுக்கிட்டுப் பேசியதற்கு ஒரு நியாயம் இருந்தது. டயாப்லோ 3-இலோ எந்த ஸ்கில்லையும் எப்போது வேண்டுமானாலும் செலவின்றி மாற்றிக்கொள்ளலாம். புதியவரின் பிழைக்கு விலையே இல்லை. அறிவுரைக்கு இருந்த ஒரே சட்ட அடிப்படையும் இதனால் 2012-இலேயே தகர்ந்தது. அறிவுரை மட்டும் நிற்கவில்லை.

கேட்ட உரையாடலை ஆய்வுக்காகத் தருகிறோம். போருக்கு முன்: “ஏங்க, அந்த ரெண்டாவது ஸ்கில் எதுக்கு வெச்சிருக்கீங்க? மாத்திடுங்களேன்.” பாஸ் வந்த பின்: “பின்னாடி வாங்க. பின்னாடி. ஐயோ, பின்னாடிங்க!” பாஸின் உயிர் கால்வாசிக்கு வந்த பின்: “ஏய், ஓடு!” மரியாதைப் பன்மை ஒருமையாகத் திரிந்தது காண்க. சினம் காரணமாக வந்த வழுவமைதி இது. இலக்கணப்படி குற்றமன்று. ஆயினும் தலைவன் இலக்கணம் படித்தவன் அல்லன். கன்ட்ரோலரைத் தலையணையின் மேல் வைத்துவிட்டு, “நீயே ஆடிக்கோ” என்கிறான்.

ஆகவே தேர்ந்தவருக்கு ஒரு விரதம் பரிந்துரைக்கப்படுகிறது. கேட்டால் சொல்லலாம். கேட்காதபோது, தரையில் நெருப்பு வரப்போகிறது என்பது போன்ற உடனடிச் செய்திகளை மட்டும் சொல்லலாம். பில்ட் பற்றி, ஸ்கில் பற்றி, கல் பதிப்பது பற்றி வாய் திறக்கலாகாது. தலைவன் தவறான ஆயுதத்தோடு இரண்டு வாரம் சுற்றட்டும். அது தவறென்று அவனே ஒருநாள் கண்டுபிடிப்பதுதான் இந்த ஆட்டத்தில் உள்ள ஆகப்பெரிய இன்பம். தலைவி தன் விடுதி நாள்களில் அதை முழுதாகத் தின்று தீர்த்தவள், இன்னொருவர் இலையிலிருந்தும் எடுப்பது முறையன்று.

விழுந்தவரை எழுப்பும் முறைக்கும் இவ்விரதம் பொருந்தும். டயாப்லோ 3-இல் துணைவர் அருகில் வந்து சற்று நேரம் நின்றால் விழுந்தவர் எழுந்துவிடலாம். அந்தச் சற்று நேரத்தில் எதுவும் பேசலாகாது. ‘சொன்னேன்ல’ என்பது அறவே கூடாது. எழுப்பிய பிறகும் கூடாது.

காஞ்சி, அதன் அகம் பெருந்திணை

நிலையாமையைப் பேசுவது காஞ்சி. டயாப்லோவில் இதற்கு ஹார்ட்கோர் என்று பெயர். ஒருமுறை செத்தால் செத்ததுதான், பாத்திரமும் அதன் பொருள்களும் திரும்பி வாரா. தேர்ந்தவர் சிலர் இதுவே மெய்யான ஆட்டம் என்பர். தேநீர் சொட்டி வழுக்கும் கன்ட்ரோலர், துண்டிக்கும் இணையம், நடுவில் வந்து மடியில் ஏறும் குழந்தை ஆகியவற்றை வைத்துக்கொண்டு, தன் வாழ்நாளில் பார்பேரியனாக ஒரு மாதமே இருந்த கணவனை இதற்குள் அழைத்துச் செல்லலாமா என்று தலைவியர் சிலர் இவ்வாய்வாளரிடம் வினவினர். தலைவன் செத்தால் தலைவியின் பாத்திரம் மட்டும் தனியே நிற்கும். அவள் அடுத்த நாள் தொடர்ந்து ஆடினால் ஒரு வழக்கு, ஆடாவிட்டால் வேறொரு வழக்கு. காஞ்சிக்கு அகமாகத் தொல்காப்பியர் வைத்தது பொருந்தாக் காமமான பெருந்திணை. திருமணமாகி 10 ஆண்டேனும் ஆகாதவர் அந்தப் பட்டனை அழுத்த வேண்டாம்.